அம்மாவுக்கு எச்.பி 8.6: கேன்சர்காரருக்கு ரத்தம் குறைவது வழக்கமா?

தங்கச்சி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மா இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். வயது 56, முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். பெருங்குடலில் கேன்சர் கண்டு, ஆபரேஷன் முடிந்து, இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள், கூடவே குளிசையும். மூன்றாவது தடவை போனபோது "ரத்தம் 8.6 தான் இருக்கு" (எச்.பி, அதாவது ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீமோகுளோபின், டெசிலீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிவிட்டார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் கொழும்பில் வேலையில் இருந்துகொண்டு தவிக்கிறீர்கள். கேன்சர் பரவிவிட்டதா, எல்லாருக்கும் இப்படி வருமா, பீட்ரூட் ஜூஸ் கொடுக்கலாமா, ரத்தம் ஊறும் ஊசி என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் போடலாமா. இவைதான் உங்கள் கேள்விகள்.

நான் டொக்டர் இல்லை. மலையகத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் லேப்பில் 27 வருடம் ரத்தம் பார்த்து ரிட்டயர்ட் ஆனவன். அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வழக்கமா என்றால், ஆமாம், மிகவும். ஐரோப்பாவில் 24 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட கேன்சர் நோயாளிகளை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து ஒரு பெரிய கணக்கெடுப்பு செய்தார்கள். முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. எச்.பி 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று வைத்துக்கொண்டார்கள். கணக்கெடுப்பில் சேர்ந்த அன்றே நூற்றுக்கு 39 பேருக்கு ரத்தம் குறைவு. அந்த ஆறு மாதத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் குறைந்தவர்களையும் சேர்த்தால் நூற்றுக்கு 67. ஆரம்பத்தில் ரத்தம் சரியாக இருந்து, பிறகு கீமோ தொடங்கியவர்களில்கூட நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது. ஆக உங்கள் அம்மா தனி ஆள் இல்லை, மருந்து ஏற்றும் வாட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இதே கதைதான். 8.6 என்பதால் மட்டும் நோய் பரவிவிட்டது என்று ஆகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. சேர்ந்த அன்று குறைவாக இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு 10-க்கும் 12-க்கும் நடுவில்தான் இருந்தது. பத்துக்குக் கீழே இருந்தவர்கள் மொத்த நோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். அம்மா அந்தப் பத்தில் ஒருவர். அதே கணக்கெடுப்பில் ரத்தசோகை இருந்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு அதற்கென்று எந்தச் சிகிச்சையும் கொடுக்கப்படவில்லை. "கேன்சர் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார்கள். ஐரோப்பாவிலேயே அப்படி.

நம் மலையில் இந்த "அப்படித்தான்" இன்னும் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு ரத்தம் பத்தாது என்பது தடிமல் காய்ச்சல் மாதிரி ஒரு பேச்சு. கல்யாணத்துக்கு முன்னே பத்தாது, பிள்ளை பெற்றபோது பத்தாது, ஐம்பது வயதிலும் பத்தாது. சிவப்புக் குளிசை கொடுப்பார்கள், வாங்கி வந்து டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஏன் பத்தவில்லை என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். 61 வயது. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் முதலில் ஒரு இடத்தில் நின்றார், அப்புறம் மூன்று இடத்தில், அப்புறம் சேலை முந்தானையை விரித்துப் படியிலேயே உட்காரத் தொடங்கினார். ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை மருந்தெடுக்கப் போய், மூன்று தடவையும் இரும்புக் குளிசையோடு திரும்பி வந்தார். கையைப் பார்த்து ரத்தம் இருக்கிறதா என்று சொல்வார்கள் அல்லவா, கொழுந்து எடுக்கிற கையில் அது எடுபடாது. விரலெல்லாம் கறை ஏறிக் கறுத்துக் கிடக்கும், வெளிறியிருப்பது தெரியாது. ஒரு தீபாவளிக்கு நான் போனபோது கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பச்சரிசிக் கஞ்சி மாதிரி இருந்தது. மறுநாளே லேப்புக்குக் கூட்டிப்போய் நானே ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். செல்லெல்லாம் சின்னஞ்சிறிசு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம், நடுவில் வெறுமை. அங்கங்கே பென்சில் மாதிரி நீண்ட செல்கள். எச்.பி 6.2. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. அந்தப் பக்கத்துக் கட்டிகள் பெரும்பாலும் வலிக்காது, அடைக்காது, சொட்டுச் சொட்டாக ரத்தம் மட்டும் கசியும். குளிசை கொடுத்தது தப்பில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, அதேபோல எந்த வயது ஆணுக்கும், இரும்புச்சத்து குறைந்தால் அது எங்கே போகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டும். அது நடக்கவில்லை.

உங்கள் அம்மா விஷயத்திலும் இதே கசிவு ஆபரேஷனுக்கு முன்பே நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் முதல் வேலையாக கிளினிக் கொப்பியை எடுத்து, ஆபரேஷனுக்கு முன்னால் எச்.பி எவ்வளவு என்று பாருங்கள். அப்போதே 9 என்றால், 8.6-ஐப் பார்த்து இன்று புதிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. பழைய கடன் இன்னும் அடையவில்லை, அவ்வளவுதான். 12-இல் இருந்து இரண்டு மாதத்தில் 8.6-க்கு இறங்கியிருந்தால் அது வேறு கதை, ரத்தம் எங்கோ போகிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். 8.6 என்பதற்காக மட்டும் மருந்தைத் தள்ளிப்போடுவது குறைவு. அதே எப்.பி.சி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) ரிப்போர்ட்டில் வெள்ளையணு, தட்டணு என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரும்பாலும் தள்ளிப்போட வைப்பவை அவைதான். அவை குறைவாக இருக்கும்போது மருந்து ஏற்றினால் கிருமித்தொற்றும் ரத்தக்கசிவும் வரலாம். மிஸ்ஸி (நர்ஸ்) "ரத்தம் குறைவு" என்று மூன்றையும் சேர்த்து ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வெள்ளையணு ஒரு வாரம் பத்து நாளில் இறங்கி மூன்றாவது வாரத்தில் ஏறிவிடும். சிவப்பணு அப்படியில்லை. அதன் ஆயுள் 120 நாள். ரத்தம் உண்டாகிற எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி குறைந்தாலும் பழைய செல்கள் ஓடிக்கொண்டிருப்பதால் முதல் தடவை ஒன்றும் தெரியாது. மூன்றாவது, நாலாவது தடவையில்தான் எண் இறங்கிக் காட்டும்.

சரி, ஏன் குறைகிறது? ஒரே காரணம் இருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாகியிருக்கும். கசிவு ஒன்று, அதைச் சொல்லிவிட்டேன். கீமோ மஜ்ஜையை அடிப்பது இன்னொன்று. வாய்ப் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் அதிகம் கொடுக்கிற சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் பாதிப்பதால், ரத்தம் உண்டாக்கச் சொல்லி சிறுநீரகம் அனுப்புகிற எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனும் குறையும். நம் சனங்கள் "கரண்ட் பிடிக்கிறது" என்று சொல்லும் கதிர்வீச்சை இடுப்பில் கொடுத்தால், பெரியவர்களின் மஜ்ஜையில் பெரும்பங்கு இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும்தான் இருப்பதால், அதுவும் அடி வாங்கும். மஜ்ஜையிலேயே பிறக்கிற மைலோமா மாதிரி நோயில் கண்டுபிடிக்கும்போதே நாலில் மூன்று பேருக்கு ரத்தம் குறைந்திருக்கும். வாயில் புண்ணோடு வெற்றிலைப் பழக்கத்தில் வந்த கேன்சர்காரர் மாதக்கணக்கில் கஞ்சி மட்டும் குடித்திருப்பார், அவருக்குச் சாப்பாடே காரணமாகிவிடும். வயிற்றை எடுத்துவிட்டவர்களுக்கு பி12 ஏறாது.

இவை எல்லாவற்றையும் விட அதிகம் பேருக்கு இருப்பதும், குறைவாகப் பேசப்படுவதும் ஒன்று உண்டு. உடம்பில் நீண்ட நாள் நோய் இருந்தால் ஈரல் ஹெப்சிடின் என்ற ஒன்றை அதிகமாகச் சுரக்கும். 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அது என்ன செய்யும் என்றால், குடலில் இருந்து இரும்பு ரத்தத்துக்குள் வருகிற வாசலைச் சாத்தும், சேமிப்பில் இருக்கிற இரும்பையும் வெளியே விடாது. தோட்டத்து குடோனில் அரிசி மூட்டை அடுக்கிக் கிடக்கிறது, சாவியைக் கணக்கப்பிள்ளை இடுப்பில் சொருகிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி இருந்தும் லயத்தில் அடுப்பு எரியாது. இந்த நிலையில் இரும்புக் குளிசையை எத்தனை விழுங்கினாலும் ஏறுவது கொஞ்சம்தான்.

அதனால்தான் ஃபெரிட்டின் என்ற சோதனையை இவர்களுக்கு வேறு மாதிரி படிக்க வேண்டும். ஃபெரிட்டின் என்பது இரும்புச் சேமிப்பின் அளவு. சாதாரண ஆளுக்கு 15-க்குக் கீழே போனால் சேமிப்பு காலி. ஆனால் கேன்சரிலும் காய்ச்சலிலும் ஃபெரிட்டின் தானாகவே உயரும். ரிப்போர்ட்டில் 60 என்று வந்தால் "நோர்மல்" என்று சிலர் மடித்து வைத்துவிடுவார்கள், ஆனால் கேன்சர்காரருக்கு 100-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவு என்று எடுத்துக்கொள்கிற வழிகாட்டிகள் உண்டு. அதோடு டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது) என்று ஒன்றும் பார்ப்பார்கள், அது 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்பது முக்கியம். எப்.பி.சி-யிலேயே எம்.சி.வி என்று ஒரு வரி இருக்கும், செல்லின் பருமன். 80-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவாக இருக்கலாம், அல்லது பிறவியிலேயே தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உண்டாகாத பரம்பரைக் குறை) மரபு இருக்கலாம். இரண்டாவதுக்கு இரும்பு கொடுத்துப் பலனில்லை. அம்மா விழுங்குவது கெப்சிட்டபீன் என்ற கீமோ குளிசை என்றால் எம்.சி.வி கொஞ்சம் கூடிக் காட்டும், அதை வைத்து பி12 குறைவு என்று குழம்ப வேண்டாம்.

நம் மலைக்கே உரிய ஒரு சின்ன விஷயம். உயரம் கூடக் கூட காற்றில் ஒட்சிசன் குறைவதால் உடம்பு கொஞ்சம் அதிக ரத்தம் வைத்துக்கொள்ளும். அதனால் உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 என்று வைத்திருக்கிற எல்லையை உயரமான இடங்களில் கொஞ்சம் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. நுவரெலியா மாதிரி 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிற இடத்தில் அந்த எல்லை சுமார் ஒரு கிராம் கூடும். கொழும்பில் 12 என்றால் சரி, நுவரெலியாவில் பல வருடமாக இருக்கிறவருக்கு 12 என்பது உண்மையில் கொஞ்சம் குறைவு. லேப் ரிப்போர்ட்டில் இதை யாரும் அச்சடித்துத் தருவதில்லை.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். 8.6-க்கு ரத்தம் ஏற்றவில்லையே என்று கோபப்பட்டிருந்தீர்கள். பொதுவாக 7, 8-க்குக் கீழே போனால், அல்லது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, இருதய நோய் இருக்கிறது என்றால்தான் ஏற்றுவார்கள். ஒரு பைன்ட் ஏற்றினால் சுமார் ஒரு கிராம் கூடும், அது சில வாரத்துக்குத்தான். காய்ச்சல், ஒவ்வாமை, வயதானவர்களுக்கு நெஞ்சில் நீர் சேர்வது என்று அதற்கும் விலை உண்டு. தேவைப்பட்டால் ஏற்றட்டும், பயப்பட வேண்டாம். ரத்தத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டுமா, காசு கட்ட வேண்டுமா என்று தோட்டத்தில் இன்னும் கேட்கிறார்கள். வேண்டாம். 2014-இல் இருந்து நம் தேசிய ரத்த வங்கி முழுக்க முழுக்க தானாக முன்வந்து கொடுப்பவர்களின் ரத்தத்தில்தான் நடக்கிறது. நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள், உங்கள் எச்.பி நன்றாக இருந்தால் ஒரு முகாமில் போய்க் கொடுங்கள், அது அம்மாவுக்கென்று இல்லாமல் யாருக்காவது போகட்டும்.

இரும்புக் குறைவு உறுதியானால், குளிசையை விட நரம்பில் ஏற்றுகிற இரும்பு இவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். சாத்திய குடல் வாசலைத் தாண்டி நேராக ரத்தத்துக்குப் போகிறது அல்லவா. இதைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் யாரோ சொன்ன "ரத்தம் ஊறும் ஊசி", எரித்ரோபொயட்டின் ஊசி, அதை நீங்களாகத் தேடிப் போகாதீர்கள். முன்பு அதை ஆர்வமாகப் போட்டார்கள். 2003-இல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர் 351 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. ஊசி போட்டவர்களுக்கு எச்.பி நன்றாக ஏறியது, ஆனால் நோய் கட்டுப்படுவது ஊசி போடாதவர்களை விட மோசமாக இருந்தது. வேறு ஆய்வுகளிலும் ரத்தக்கட்டி அதிகமாகக் காணப்பட்டது. 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை போட்டது. இப்போது, குணப்படுத்துவதற்காகக் கீமோ கொடுக்கிறவர்களுக்கு அது வேண்டாம் என்பதுதான் நிலைப்பாடு. உங்கள் அம்மாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருக்கத்தான் மருந்து ஏற்றுகிறார்கள். அவர் அந்தக் கூட்டத்தில் வருகிறார்.

பீட்ரூட். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறார்கள். நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. நுவரெலியாவில் மலிவாகக் கிடைக்கிறது, வாய்க்குப் பிடித்தால் சாப்பிடட்டும், மருந்து என்று நினைத்து மூன்று வேளை குடிக்க வைக்காதீர்கள். சிறுநீரும் மலமும் சிவந்து இன்னொரு பீதி கிளம்பும். ஈரல், முட்டை, நெத்தலி, பயறு, கௌபி, முருங்கைக் கீரை, இவைதான் உதவும். கூடவே தேசிக்காயோ கொய்யாவோ நெல்லியோ இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். வெள்ளையணு குறைந்த நாட்களில் மட்டும் பச்சை வல்லாரைச் சம்பல் வேண்டாம், கீரை எதுவானாலும் வேகவைத்துக் கொடுங்கள்.

சாயத்தண்ணி (பால் போடாத தேத்தண்ணி) விஷயத்தில் அம்மா உங்களோடு சண்டை போடுவார். ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியும் என்று ஐம்பது வருடப் பழக்கத்தை யார் விடுவார்? ஆனால் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சாப்பாட்டில் இருக்கிற இரும்பில் பாதிக்கும் மேல் ஏறாமல் போகும், தேயிலையின் துவர்ப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தச் சொல்ல வேண்டாம். சாப்பிட்டு ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். இரும்புக் குளிசைக்கும் அதே இடைவெளி.

இரும்புக் குளிசை விழுங்கினால் மலம் கறுப்பாகப் போகும், அது பயமில்லை. தார் மாதிரி பிசுபிசுத்து, மினுங்கி, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது ரத்தம். அன்றே ஆஸ்பத்திரி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம், மருந்து ஏற்றிய வாரங்களில் 38 டிகிரிக் காய்ச்சல், இவற்றுக்கும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். 1990-க்கு அடித்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், காசில்லை. அது லயத்து வாசல் வரை வராது, மெயின் ரோட்டில் நிற்கும், அம்மாவைக் கீழே கொண்டுவர இரண்டு பொடியன்மாரை இப்போதே சொல்லி வைத்திருங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் போன் பண்ணும்போது "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். அதைக் கேட்காதீர்கள். பைப்படிக்குப் போய் வருவதற்குள் எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்று கேளுங்கள், எண்ணை எழுதி வையுங்கள். போன வாரம் ஒன்று, இந்த வாரம் மூன்று என்றால் லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், அடுத்த கிளினிக் நாளுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நீங்களே கூடப் போங்கள். கொழும்பில் வேலை செய்து உங்களுக்குச் சிங்களம் ஓடும், அம்மாவுக்கு ஓடாது. பாதி விஷயம் அங்கேதான் தொலைகிறது. எச்.பி ஏன் குறைந்தது, ஃபெரிட்டின் பார்த்தார்களா, தள்ளிப்போட்டது வெள்ளையணுவுக்காகவா தட்டணுவுக்காகவா, நரம்பில் இரும்பு ஏற்றலாமா, இந்த நாலையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். ரிப்போர்ட் கையில் வந்ததும் அம்மாவின் பெயரை விட்டுவிட்டு எண்களை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.